கீழ்க்குரல் வரிசையில் ஒரு செக்கிங்

மனுஷிக்குச் சந்தேகம் வரலாம், தப்பில்லை. சந்தேகமே ஒரு மனுஷியாக வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, அந்த ரகம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. கண்டக்டராகச் சேர்ந்து, யாரிடமும் பல்லிளிக்காமல், யாரையும் சும்மா விடாமல், செக்கர் ஆனவள். தெருவில் 'செக்கர் அக்கா' என்றால் பால்காரர் முதல் பள்ளிக்கூட வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதைவிட, எல்லோருக்கும் ஒரு பயம்.

கீழே அவர்கள், மாடியில் நாங்கள். சமையலறை மட்டும் கீழே பொதுவாக ஒன்று. பால் பாத்திரத்தைத் திறந்ததுமே "யாரு எடுத்தது?" என்பாள். "யாரும் எடுக்கலக்கா, காய்ச்சினதுல வத்திடுச்சு" என்றால் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். நான் வேலையிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தால் எந்த பஸ், எந்த டிரைவர் என்று கேட்பாள். பொய் சொன்னால் மாட்டிக்கொள்வேன், ஏனென்றால் டிரைவர்கள் எல்லோரும் அவளுக்கு வேண்டியவர்கள். வீட்டில் அவளுக்கு 'மெஷின்' என்று ஒரு பெயர். நான் கல்யாணமாகி வந்தபோதே அந்தப் பெயர் இருந்தது. ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் வேலை பார்க்கிறாளே, அதனால்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

ஒருமுறை என் வீட்டுக்காரர் தேதி முடிந்துபோன பாஸோடு பஸ் ஏறிவிட்டார். பாதி வழியில் செக்கிங்குக்கு ஏறியது இவள். "அண்ணி, நான்தான்" என்று இவர் ஈயென்று இளித்திருக்கிறார். "தெரியுது. இறங்கிக்கலாம்" என்றாளாம். கொட்டுகிற மழையில் நடந்தே வீடு வந்தார் மனுஷன். சாயங்காலம் அவருக்கு ஆவி பறக்கக் காபி போட்டுக் கொடுத்ததும் அவள்தான். அதை வாங்கிக் குடித்தாரே தவிர, இன்றுவரை அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஆறவில்லை அவருக்கு.

டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்க அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. "எடுத்தவன் தூங்குவான், பேசுவான், மூக்கைச் சிந்துவான். எடுக்காதவன்தான் ஜன்னல் வழியா அவ்ளோ ரசிச்சு வேடிக்கை பார்ப்பான். வெளியில டயர் கடையைத் தவிர ஒண்ணும் இருக்காது, ஆனா பார்ப்பான்" என்பாள்.

நானும் ஒன்றும் ஏமாளி இல்லை. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை எனக்கு. பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பவள். 'தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன்' என்று சத்தியம் செய்கிறவர்களின் கடைவாயைப் பார்த்துப் பார்த்தே மனுஷர்கள் மேல் இருந்த நம்பிக்கை பாதி போய்விட்டது. அப்படிப்பட்ட எனக்கே இவளைக் கண்டால் சில நாள் எரிச்சலாக வரும்.

இந்த லட்சணத்தில்தான் மருந்துக்கடை அம்மா தன் கடைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினார். நம் வட்டாரத்துக்குச் சேர்ந்து பாட ஒரு கொயர், சனிக்கிழமை மாலை, நூலகத்தின் பின்கூடம், கட்டணம் இல்லை, பாடத் தெரியாதவர்களும் வரலாம் என்று எழுதியிருந்தது. கடைசி வரியை அக்கா திரும்பத் திரும்பப் படித்தாள்.

"பாடத் தெரியாதவங்கள எதுக்குடி கூப்பிடுறா?"

"ஆள் சேரட்டும்னுதான் இருக்கும்."

"அப்படி நினைச்சுக்க. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிட்டா மாத்திரைக்கு எங்க போவாங்க? இவ கடைக்குத்தான். புரியுதா?"

அட, அதுவும் சரிதானே என்று எனக்கும் தோன்றியது. தெருவில் மற்றவர்களும் லேசுப்பட்டவர்களா என்ன? தேர்தலில் நிற்கப் போகிறாள் என்றார் எதிர்வீட்டுக்காரர். ஏதோ சத்து மருந்து விற்கப் போகிறாள், முதலில் பாட்டு, அப்புறம் டப்பா என்றாள் தையல்கடைக்காரி. சும்மா ஒருத்தி ஊரைக் கூட்டிப் பாட வைப்பாள் என்று நம்ப ஒரு ஆள் இல்லை.

"போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம், நீயும் வா" என்றாள் அக்கா.

"நான் எதுக்கு?"

"சாட்சிக்கு."

நூலகத்தின் பின்கூடத்தில் ஒரு மூலையில் பழைய பத்திரிகைக் கட்டுகள். பிளாஸ்டிக் நாற்காலிகள். சரியாக மூடாத ஜன்னல் ஒன்று. ஒரு கட்டை அமுங்கினால் எழும்பாத கீபோர்டு. மருந்துக்கடை அம்மா வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். ஒவ்வொருவராக நிறுத்தி, "உங்க வீட்டு அட்ரஸைச் சொல்லுங்க" என்றார். சொல்கிற குரலைக் கேட்டே பெண்களை மேல்குரல், கீழ்க்குரல் என்று இரண்டு வரிசையாகப் பிரித்தார். ஆண்கள் பின்னால். நானும் அக்காவும் கீழ்க்குரலில் பக்கத்துப் பக்கத்தில்.

"அட்ரஸ் இவளுக்கு எதுக்கு? எழுதி வச்சுக்கிறாளான்னு பாரு" என்று அக்கா என் காதைக் கடித்தாள். அந்த அம்மா எதையும் எழுதவில்லை. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

எல்லாம் முடிந்ததும் அக்கா நேராகப் போய்க் கேட்டாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு, அவள் பேச்சு எப்போதுமே அப்படித்தான்.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

மருந்துக்கடை அம்மா கோபப்படவில்லை. "நாள் முழுக்க கவுண்டர்ல நிக்கிறேன். வர்றவங்க எல்லாரும் எங்க வலிக்குதுன்னு மட்டும்தான் சொல்றாங்க. இதே வாயிலருந்து வேற ஏதாவது கேக்கணும்போல இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார்.

"நல்லா காதுல பூ சுத்துறா" என்றாள் அக்கா, வெளியே வந்ததும். ஆனால் அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் அவள்தான். இன்னும் துப்பு கிடைக்கவில்லை, அதனால் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஆறு கடலைத் தேடிப் போகிற பாட்டு அது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஒரு நீளமான இழுப்பு வரும், ஒரே மூச்சில் யாராலும் முடியாது. அதற்கு அவர் ஆட்களை ஜோடி சேர்த்தார். "ஒருத்தர் மூச்சு எடுக்கிற எடத்துல பக்கத்து ஆள் எடுக்கக் கூடாது. நீங்க எடுக்கும்போது அவங்க தாங்கணும், அவங்க எடுக்கும்போது நீங்க தாங்கணும். கேக்கிறவங்களுக்கு மூச்சே விடாம பாடுற மாதிரி இருக்கும்" என்றார். எனக்கு ஜோடி அக்கா. வேறு யார் வந்து வாய்ப்பார்கள்?

மாதங்கள் ஓடின. மேல்குரல் வரிசை நன்றாக வந்துவிட்டது, ஆண்களும் பரவாயில்லை. எங்கள் வரிசையைக் கேட்டால்தான் அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கும். "இத்தனை பேர் நிக்கிறீங்க, சத்தம் பாதிதானே வருது? இழுப்புல எங்கேயோ ஓட்டை விழுது" என்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வோம். எனக்கு ஓரத்தில் நின்ற நர்ஸ் மேல் சந்தேகம். நர்ஸுக்கு என் மேல்.

"கண்டுபிடிக்கிற வேலையை என்கிட்ட விடுங்க" என்றாள் அக்கா. யாரும் கேட்கவில்லை, அவளாகவே பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நடுப்பாட்டில் வரிசையை விட்டு வெளியே வந்தாள். ஆண்கள் வரிசைக்குப் போய், கடைசியில் நின்ற பெயின்டர் பக்கத்தில் காதை வைத்தாள். வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடிக்கிறவர். பேச்சே இல்லாத மனுஷர், வருவார், நிற்பார், நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போவார். அக்கா பஸ்ஸில் செய்வதைப்போல அவர் தோளை இரண்டு விரலால் தட்டினாள்.

"நீங்க பாடலையே."

பாட்டு நின்றது. பெயின்டர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆமாம்மா. கேட்டுக்கிட்டிருக்கேன்."

"கேக்குறதுக்கா வரிசையில நிக்கிறது? பாடாதவங்கதான் வாயை ரொம்பப் பெருசா திறப்பாங்க. நான் உங்களை ரொம்ப நாளாப் பார்க்கிறேன்."

"சுவத்துக்கு முதல்ல பிரைமர் அடிச்சுக் காய விடணும். ஈரத்து மேலயே கலரை அடிச்சா உரிஞ்சு வந்துடும். நான் இன்னும் காயலம்மா" என்றார் அவர்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்காமல், "அப்ப காயற வரைக்கும் வெளியில நிக்கலாமே" என்றாள். பெயின்டர் தன் நாற்காலியை எடுத்துச் சுவர் ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார். திரும்ப வரவில்லை.

மருந்துக்கடை அம்மாவுக்கு அன்றுதான் கோபம் வந்து பார்த்தேன். கத்தவில்லை. கீபோர்டை மூடிவிட்டுப் பேசினார். "அவர் பாடலன்னு எனக்கு முதல் நாளே தெரியும். ஆனா மூச்சு எடுக்க வேண்டிய எடத்துல சரியா எடுத்துக்கிட்டிருந்தார். சத்தம் ஒரு நாள் தானா வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். ஓட்டை அவர்கிட்ட இல்ல. இங்க பாடாம நிக்கிறது அவர் ஒருத்தர் மட்டும் இல்ல. நான் யாரையும் கேக்கல, கேக்கவும் மாட்டேன்."

கேட்க மாட்டேன் என்றால் நாங்கள் விடுவோமா? யார் அது, யார் அது என்று எல்லோருக்கும் மண்டை குடைய ஆரம்பித்தது. பாட்டுக்கு நடுவில் ஒருவர் பக்கம் ஒருவர் காதைச் சாய்ப்பதும், மற்றவர் வாயை முறைத்துப் பார்ப்பதும்தான் நடந்தது. நர்ஸ் என் பக்கம் ஒருக்களித்து நின்றுகொண்டே பாடினாள். தன் மேல் சந்தேகம் வரக்கூடாது என்று சிலர் அடித்தொண்டையில் கத்தினார்கள். நன்றாக வந்துகொண்டிருந்த மேல்குரல் வரிசையும் பாழாய்ப் போனது.

எனக்கும் குடைந்தது. ஒரு சனிக்கிழமை இழுப்பு வந்தபோது, நான் மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மூச்சு எடுத்துவிட்டு, திரும்பச் சேராமல் அப்படியே நின்றேன். என் பக்கத்தில் யார் குரல் கேட்கிறது என்று பார்க்கலாம் என்று. இடது பக்கம் நர்ஸ் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தாள், பாவம், அவளைப் போய் இத்தனை நாள் சந்தேகப்பட்டேனே. வலது பக்கம் அக்கா. வாய் ஆவென்று திறந்திருந்தது, வரிசையிலேயே பெரிய வாய் அவளுடையதுதான். உள்ளே நாக்கு அசையாமல் கிடந்தது. ஒரு சத்தம் இல்லை. நான் விட்ட இடத்தில் தாங்க வேண்டியவள் தாங்கவில்லை, பாட்டில் பெரிய குழி விழுந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அடுத்த அடியிலும் அதையே செய்தேன். அதே குழி.

பொய் சொல்வானேன், உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் துள்ளியது. பால் பாத்திரம், பஸ், டிரைவர் என்று இத்தனை வருஷம் என்னை உருட்டி எடுத்தவள், இன்று கையும் களவுமாக என் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டாள்! மற்றவர் வாயைப் பார்த்து அத்தனை உறுதியாகச் சொன்னாளே, அந்தக் கணக்கு அவளுக்கு எங்கிருந்து தெரிந்தது என்பது இப்போது புரிந்துவிட்டது.

அன்றைக்கே மருந்துக்கடை அம்மா ஒரு விஷயம் சொன்னார். மற்ற வட்டாரங்களின் கொயர்களோடு சேர்ந்து பாட எங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. "அதுக்கு முன்னாடி, அடுத்த சனிக்கிழமை நாலு நாலு பேரா நின்னு பாடிப் பார்ப்போம். யாரையும் பிடிக்கிறதுக்கு இல்ல. அவங்கவங்க குரல் அவங்கவங்க காதுல விழணும், அதுக்குத்தான்" என்றார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நாலு பேரில் ஒருத்தி வாயை மட்டும் அசைத்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடுமே.

வீடு திரும்ப பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பஸ் கிளம்பியதும் கையை நீட்டினேன்.

"அக்கா, டிக்கெட்டைக் காட்டுங்க."

சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஸ்டாஃப் பாஸை எடுத்தாள். "இந்தா, நல்லா பாத்துக்க. என்ன, ரொம்பத்தான் கொழுப்பு ஏறிப்போச்சு உனக்கு."

"இது பஸ்ஸுக்கு. பாட்டுக்கு?"

பாஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. அப்புறம் முகத்தைத் திருப்பி ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு ரசனையோடு பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"வெளியில டயர் கடையைத் தவிர ஒண்ணும் இல்லக்கா."

"எப்ப கண்டுபிடிச்ச?" என்றாள் கடைசியில், இன்னும் வெளியே பார்த்துக்கொண்டே.

"இன்னைக்குத்தான். நான் மூச்சு எடுத்தப்ப நீங்க தாங்கல."

"யார்கிட்ட சொன்ன?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

"உன் புருஷன்கிட்ட சொல்லுவியா?"

எதற்கு இவரைக் குறிப்பாகக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. "ஏன்னு காரணத்தைச் சொல்லுங்க. சொன்னா சொல்ல மாட்டேன்" என்றேன்.

"என்னை ஏன் மெஷின்னு கூப்பிடுறாங்க, தெரியுமா உனக்கு?"

"ஓயாம வேலை செய்யறீங்கன்னு..."

"நல்லா செஞ்சேன்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. "கல்யாணம் ஆகி வந்த புதுசு. அடுப்படியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே பாடுனேன். எங்க வீட்ல எப்பவும் பாடிக்கிட்டுத்தான் இருப்பேன், யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. நம்ம மாமனார் கூடத்துல உக்காந்து, 'பக்கத்து வீட்ல என்னமோ மெஷின் வாங்கியிருக்காங்க போலிருக்கே, பாவம், யாராவது ஆயில் போடச் சொல்லுங்க'ன்னாரு. அவ்வளவுதான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உன் புருஷன் அப்ப சின்னப் பையன், தரையில உருண்டான். அப்புறம் நான் எப்ப தொண்டையைக் கனைச்சாலும் 'அண்ணி, மெஷின் ஸ்டார்ட் ஆகுது'ன்னு ஓடி வருவான்."

"மாமாவும் சிரிச்சாரா?" மாமா என்றால் அவள் வீட்டுக்காரர்.

"முதல்ல சிரிச்சதே அவர்தான்டி. அவரே சிரிக்கிறாரேன்னு நானும் சேர்ந்து சிரிச்சேன். அதோட நிறுத்தினதுதான்."

பஸ் சிக்னலில் நின்றது. அந்தப் பெயரைச் சொல்லி வீட்டில் தினமும்தான் கூப்பிடுகிறார்கள்.

"அப்ப கொயருக்கு எதுக்கு வந்தீங்க? வேவு பார்க்கத்தானே வந்தீங்கன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சு வந்தேன். முதல் நாள் எல்லாரும் பாட ஆரம்பிச்சப்ப நடுவுல நின்னேன் பாரு, வாயைத் திறந்தா மட்டும் போதும், நானே பாடுற மாதிரி இருந்துச்சு. வாரம் முழுக்க அதுக்குத்தான் காத்துக்கிட்டிருப்பேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதுவும் போச்சு. அடுத்த சனிக்கிழமை நான் வரல. முட்டி வலின்னு சொல்லிடு."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமும் சேர்ந்துதான் வரும், என்ன செய்ய?

"நீங்க முட்டி வலின்னு நழுவிடுவீங்க. அந்த பெயின்டர் என்ன பாவம் செஞ்சாரு? அவரும் நீங்க வந்த அதே பஸ்ல டிக்கெட் இல்லாம வந்தவர்தானே? உங்க மேல சந்தேகம் வரக் கூடாதுன்னு அவரைப் புடிச்சு இறக்கி விட்டுட்டீங்கல்ல?"

ஸ்டாப் வந்ததும் எனக்காக நிற்காமல் இறங்கி விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. அதைவிட மோசம், எதையும் அவள் விசாரிக்கவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, யார் வைத்தது என்று கேட்கவில்லை. வேண்டுமென்றே ஒரு நாள் தாமதமாக வந்தேன், எந்த பஸ் என்று கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன், "எங்க கிளினிக் இருக்கிற கட்டடத்துல மாடிப்படிக்கு பெயின்ட் அடிக்கிறாங்க. அந்த பெயின்டர்தான் அடிக்கிறாரு." காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் யூனிஃபார்மோடு கிளினிக் வாசலில் வந்து நின்றாள். "வா" என்றாள்.

"எதுக்கு?"

"சாட்சிக்கு."

பெயின்டர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஏணி மேல் நின்று சுவரில் பெயின்ட் உருளையை உருட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உருளை நின்றது.

"என்னம்மா, இங்கயும் செக்கிங்கா?"

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றாள் அக்கா. "அன்னைக்கு உங்களை இறக்கி விட்டேன்ல. என்கிட்டயும் டிக்கெட் கிடையாது. சேர்ந்த நாள்ல இருந்து ஒரு நாள்கூட நான் பாடல."

அவர் என்னைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். ஏணியைவிட்டு இறங்கவில்லை. "இதுல ஏதாவது உள்குத்து இருக்காம்மா? என்னை எதுலயாவது மாட்டி விடப் பார்க்கிறீங்களா?"

"இல்லண்ணே, நிஜம்தான். நான் பக்கத்துல நிக்கிறவ, எனக்குத் தெரியும்" என்றேன்.

"அப்ப இப்ப பாடுங்க. நம்புறேன்."

அக்கா பிடிமானத்துக்காகப் படிக்கட்டுக் கம்பியை இறுகப் பிடித்தாள். "ஐயையோ, அது ஈரம்!" என்று பெயின்டர் கத்துவதற்குள் பச்சை பெயின்ட் உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டது. அவள் கையை எடுக்கவில்லை. அப்படியே கம்பியைப் பிடித்தபடி பாட ஆரம்பித்தாள்.

உள்ளதைச் சொல்கிறேன். மாமனார் சொன்னதில் பொய் இல்லை. கரகரவென்று, விட்டு விட்டு, கிளம்ப மறுக்கிற பழைய மோட்டார் மாதிரிதான் இருந்தது. முதல் அடி எங்கேயோ போய் முட்டிக்கொண்டது, இரண்டாவது அடி படியிறங்கிப் போய்விட்டது. மாடிப்படியில் சத்தம் இரண்டு பங்காகக் கேட்கும் வேறு. மேலே கிளினிக் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியோடு எட்டிப் பார்த்தார், அவர் பின்னால் வாயில் பஞ்சு வைத்த ஒரு நோயாளி. யாராவது சிரித்திருந்தால் அவ்வளவுதான், கொன்றே போட்டிருப்பேன். டாக்டர் சிரிக்கவில்லை. நோயாளியால் சிரிக்க முடியவில்லை.

இழுப்பு வந்தது. அக்காவுக்கு அதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. நான் தாங்கிக்கொள்ள வாயைத் திறந்தேன், அதற்கு முன் மேலேயிருந்து ஒரு குரல் வந்து அதைப் பிடித்துக்கொண்டது. ஏணியில் நின்றபடியே பெயின்டர் பாடினார். பெரிய குரல் ஒன்றும் இல்லை, ஆனால் ஆடவில்லை, அசையவில்லை, நேராக நின்றது. அக்கா மூச்சை எடுத்துக்கொண்டு திரும்பச் சேர்ந்தாள். அடி முடிகிறவரை இரண்டு பேரும் விடவில்லை.

"ரெண்டாவது அடியில கீழ போயிடுறீங்க. அவசரப்படாதீங்க" என்றார் அவர்.

"நீங்க காஞ்சுட்டீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"காஞ்சு ரொம்ப நாளாச்சு. திரும்பக் கூப்பிடத்தான் ஆள் இல்ல."

"சனிக்கிழமை வருவீங்கல்ல?"

"நீங்க வருவீங்களா? அதை முதல்ல சொல்லுங்க."

அக்கா பச்சைக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பார்க்கலாம்" என்றாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போய்விட்டாள். எனக்கு அந்தப் 'பார்க்கலாம்' மேல் நம்பிக்கை இல்லை. வர மாட்டேன் என்பதை அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

அன்று சாயங்காலம் நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தார். கீழே சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம். அதற்கு நடுவே, முதலில் தொண்டைக் கனைப்பு. அப்புறம், கரகரவென்று, பாட்டு.

கையில் இருந்த துணியை நான் அப்படியே வைத்துவிட்டேன். கீழே மாமா டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. கேட்கத்தான் குறைக்கிறாரா, சிரிக்கத்தான் குறைக்கிறாரா, யார் கண்டது? என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பழைய விளையாட்டுச் சாமான் திரும்பக் கிடைத்த சந்தோஷம். நான் "வேணாங்க" என்று சொல்வதற்குள் படிக்கட்டுப் பக்கம் ஓடிப் போய்க் கீழே பார்த்துக் கத்தினார்.

"என்ன அண்ணி, மெஷின் ஓடுது போலிருக்கே!"

பாட்டு பட்டென்று நின்றது. குழாயும் நின்றது. வீடே நின்றுவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது, இனி ஜென்மத்துக்கும் இவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று நினைத்தேன். இவரைப் பிடித்து நாலு அறை விட வேண்டும்போல இருந்தது.

அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்து படிக்கட்டடியில் நின்றாள். கையை ஈரத்தோடு இடுப்பில் ஊன்றியிருந்தாள், உள்ளங்கையில் பச்சை இன்னும் போகவில்லை. இவரை நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸில் பார்க்கிற அதே பார்வை.

"ஆமா, ஓடுது. சனிக்கிழமை நாலு பேரோட ஓடணும், அதுக்குத்தான் ஓட்டிப் பார்க்கிறேன். பிடிக்காதவங்க இறங்கிக்கலாம்."

இவர் கட்டிலுக்குத் திரும்பி வந்தார். கூடத்திலிருந்தும் சிரிப்புச் சத்தம் வரவில்லை. அக்கா உள்ளே போனாள். குழாய் திறந்தது. பெயின்டர் சொன்ன அந்த இரண்டாவது அடியிலிருந்து, அவசரப்படாமல், திரும்ப ஆரம்பித்தாள்.

இழுப்பு வந்துகொண்டிருந்தது. அவளுக்கு எந்த இடத்தில் மூச்சு தீரும் என்று எனக்குத் தெரியும். நான் படிக்கட்டில் இறங்கிப் பாதியில் நின்று, அந்த இடம் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.